வரலாற்றைத் திருத்த வந்த பானை

"அன்பார்ந்த பார்வையாளப் பெருமக்களே! இன்று மாலை நான்கு மணிக்கு மனிதகுல வரலாறு திருத்தி எழுதப்படும். அதற்கு முன்பாக அனைவரும் கழிவறைக்குச் சென்று வந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். தற்சமயம் ஒரே ஒரு கழிவறைதான் இயங்குகிறது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

ஒலிபெருக்கி இதை இரண்டு முறை முழங்கியது. இரண்டாவது முறை 'மனிதகுல' என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது.

"அண்ணி, வரலாறே கையில டோக்கன் வச்சுக்கிட்டு வரிசையில நிக்கணும் போலிருக்கு" என்றான் கொழுந்தன்.

அண்ணி வரிசையை எண்ணிக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கால் நூற்றாண்டு உட்கார்ந்து, எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட கடைகளையும் காணாமல் போனதாகச் சொல்லப்பட்ட நகைகளையும் விசாரித்தவர். ஓய்வு பெற்றதும் துப்பறியும் நிலையம் தொடங்கினார். கணவரின் தம்பி எந்த வேலையிலும் ஒட்டாதவன். ஆனால் ஸ்கூட்டர் வைத்திருந்தான். அந்தத் தகுதியில் உதவியாளன் ஆனான். நாளடைவில் ஊருக்கெல்லாம் அவர் அண்ணி, அவன் கொழுந்தன் என்றே நிலைத்துவிட்டது.

அவர்கள் வந்திருந்த இடம் முன்னோர் வாழ்வு வளாகம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் எப்படிப் பானை வனைந்தார்கள், எப்படிக் கயிறு திரித்தார்கள், எப்படி நெருப்பு உண்டாக்கினார்கள் என்பதையெல்லாம் புத்தகத்தில் படித்துவிட்டு நம்பாமல், அதே முறையில் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளும் இடம். சீட்டு வாங்கியவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், ஆசைப்பட்டால் சேற்றில் கையும் வைக்கலாம். நல்ல காரியம்தான். அதைப் பற்றி இயக்குநர் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார் என்பது ஒன்றுதான் குறை. ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் பேருரை.

பேருரை தன் அறையில் நின்றபடியே வரவேற்றார். உட்கார்ந்து பேசினால் அவருக்குக் கருத்து வராது.

"அம்மா, ஒரு நாகரிகம் களவு போயிருக்கிறது!"

"பானைன்னு போன்ல சொன்னீங்களே?" என்றான் கொழுந்தன்.

"அது பானை அல்ல, தம்பி. ஆதாரம்."

சுவரில் பானையின் புகைப்படம் ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்தது. மடியில் வைத்துக்கொள்ளும் அளவு, செம்மண் நிறம், தோள்பட்டையில் ஐந்து கீறல்கள், அவற்றின் மேல் சாய்வாக இன்னொன்று. புதுக் கழிவறைக்குப் பள்ளம் தோண்டியபோது கிடைத்ததாம். உடனே கழிவறை வேலை நின்றது. பத்திரிகைகள் வந்தன. பேட்டி கொடுத்தாகிவிட்டது.

"இந்தக் கீறல்கள் எழுத்து. மனிதனின் முதல் எழுத்து! ஐந்து நேர்கோடுகள், ஐந்து அரசர்கள். சாய்ந்த கோடு, வீழ்ந்த அரசன்."

"பாவம்" என்றான் கொழுந்தன், உண்மையாகவே.

"உள்ளே ஈரம் காயாத மண் கட்டிகட்டியாக இருக்கிறது. அந்தக் காலத்துப் படையல். அதை யாரும் கிளறக் கூடாது என்று உத்தரவே போட்டிருந்தேன். இன்று மாலை அமைச்சர் கையால் திறப்பு. நாளை ஆய்வுக்கூடத்திலிருந்து ஆள் வந்து துளி சுரண்டிக்கொண்டு போய் வயதைக் கணித்துச் சொல்லியிருப்பார்கள். இனி..." பேருரை பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் இருக்க வேண்டிய அளவுக்குத் துக்கம் இல்லை என்று அண்ணிக்குப் பட்டது. கடை எரிந்ததைச் சொல்ல வந்த வியாபாரிகள் பலர் அவர் மேஜைக்கு எதிரே இதே மாதிரி மூச்சு விட்டிருக்கிறார்கள்.

மூலையில் காவலாளி நின்றுகொண்டிருந்தார். நீலச் சீருடை. இடுப்பில் சாவிக்கொத்து தொங்க வேண்டிய கொக்கி காலியாக ஆடியது.

"கண்ணாடிப் பெட்டி உடையவில்லை. சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள். சாவி இவனிடம்தான் இருந்தது, காலையில்தான் கொத்தோடு பிடுங்கி வைத்தேன். நான்கு மணிக்குள் இவன் வாயிலிருந்து உண்மை வராவிட்டால் போலீஸ் வந்து வரவழைக்கும். சொல்லி வைத்துவிட்டேன்" என்றார் பேருரை.

"சத்தியமா நான் எடுக்கலைங்கம்மா" என்றார் காவலாளி. குரல் தரையைப் பார்த்து வந்தது. வேலை போனால் பின்வாசலை ஒட்டியிருந்த ஒற்றையறை வீடும் போகும். அந்த அறையில் மனைவியும், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். இது எதுவும் மனிதகுல வரலாற்றில் வராது.

"பெட்டிக்கு ஒரே சாவியா?" என்றார் அண்ணி.

"இன்னொன்று என் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது."

"அதைப் பார்க்கலாமா?"

"அம்மா, நான் இயக்குநர்!"

"அது கதவுலயே எழுதியிருக்கு. நான் சாவியைக் கேட்டேன்."

பேருரைக்கு அவசரமாக ஒலிபெருக்கி அறையில் வேலை வந்துவிட்டது.

கூடத்தில் வெறும் கண்ணாடிப் பெட்டி விளக்கொளியில் ஜொலித்தது. உள்ளே ஒன்றுமில்லாவிட்டாலும் பார்வையாளர்கள் எட்டிப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

"நேத்து யாரெல்லாம் கடைசியா வெளியே போனாங்க?" என்று அண்ணி காவலாளியைக் கேட்டார்.

"வேலை செய்யறவங்க எல்லாம் ஒண்ணாப் போனாங்க. ஐயா மட்டும் உரை தயார் பண்ணணும்னு இருந்துட்டு இருட்டினப்புறம் போனாருங்க. எல்லார் பையையும் நான் பார்த்துத்தான் விடுவேன். கல்லுச் சில்லு, கயிறுன்னு ஞாபகார்த்தமா எடுத்துட்டுப் போயிடறாங்கன்னு ஐயாவே போட்ட உத்தரவு. அவர் பையையும் பார்க்கச் சொல்லுவாரு, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு."

"பானை போற அளவு பை?"

"ஒருத்தர்கிட்டயும் இல்லைங்க. மண்ணோட அது ஒரு குழந்தை கனம் கனக்கும்."

"சுவரேறிக் குதிச்சா?" என்றான் கொழுந்தன்.

"குழந்தையைத் தூக்கிக்கிட்டு நீ ஏறிப் பாரு" என்றார் அண்ணி. "பானை வெளியே போகலை. இங்கதான் எங்கேயோ இருக்கு."

"இங்க பானையை எங்க அண்ணி தேடறது? இது பானை செய்யற இடம். குளத்துல போய் ஈரத்தைத் தேடற மாதிரி."

அண்ணி சட்டென்று நின்று அவனைப் பார்த்தார். அவன் அப்படியென்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று யோசித்தான்.

முற்றத்தின் வாசலில் குறுக்கே கயிறு கட்டி, பலகை தொங்கவிட்டிருந்தார்கள்: 'இங்கிருந்து மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்.' அதன் கீழே சின்ன எழுத்தில் விதிகள். உள்ளே வேலை செய்கிறவர்கள் கைக்கடிகாரம், மோதிரம், வளையல், ஊக்கு எதுவும் அணியக் கூடாது. தீப்பெட்டி கூடவே கூடாது. மீறினால் நடவடிக்கை. கையொப்பம்: இயக்குநர்.

வாசலில் இருந்த பெண் கொழுந்தனின் கைக்கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். அண்ணியின் மூக்குக் கண்ணாடியையும் கேட்டாள்.

"கண்ணாடி இல்லாம எந்தக் காலத்துலயும் என்னால துப்பறிய முடியாதும்மா" என்றார் அண்ணி. கண்ணாடி மூவாயிரம் ஆண்டுகளைத் தாண்டி உள்ளே போனது.

முற்றத்தின் நடுவில் சூளை தயாராக இருந்தது. சூளை என்றால் செங்கல் கட்டடம் இல்லை. தரையில் இன்னும் சுடாத பச்சைப் பானைகளைக் குவியலாக அடுக்கி, இடையில் விறகு சொருகி, மேலே வைக்கோல் மூடி, சேறு மெழுகியிருந்தார்கள். பக்கத்தில் கரும்பலகை. 'பொதுமக்கள் முன்னிலையில் சூளை மூட்டுதல்' என்பதற்கு நேரே 'வெள்ளி' என்று எழுதி அழித்து, 'இன்று மூன்று மணி' என்று திருத்தியிருந்தது. இங்கே வரலாற்றைத் தவிர மற்றவையும் திருத்தப்படுகின்றன என்று கொழுந்தன் நினைத்துக்கொண்டான்.

பானைக்காரம்மா சூளையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கோணித்துணி உடை, முழங்கை வரை காய்ந்த சேறு. அண்ணியைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"யார் இதை இன்னைக்குன்னு மாத்தினது?"

"ஐயாதாங்க. காலையில வந்து சொன்னாரு. வெள்ளிக்கிழமைதான் சரியா காயும், இப்ப மூட்டினா பாதி வெடிச்சுடும்னு சொல்லிப் பார்த்தேன். அமைச்சர் வர்றப்ப புகை தெரியணுமாம்."

"உங்க முகம் ஏம்மா இப்படி வெளுத்திருக்கு?"

"வெயில்" என்றார் பானைக்காரம்மா. வானம் மேகமூட்டமாக இருந்தது.

கொழுந்தன் அண்ணியின் காதோரம் குனிந்தான். "வாசல்ல கேட்டேன். இந்தம்மா காவலாளியோட கூடப்பிறந்த அக்காவாம். தம்பிகிட்ட சாவி, அக்காகிட்ட சூளை. கேஸ் முடிஞ்சுது. ஸ்கூட்டரை எடுக்கட்டுமா?"

"தம்பி ஜெயிலுக்குப் போகப் போறான். அக்கா வெயில்ங்கறா" என்றார் அண்ணி. அவருக்கும் சந்தேகம்தான். ஆனால் பிடிபட்டுவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் எதிராளியின் முகத்தைப் பார்ப்பார்கள். இந்தம்மா ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. தீக்காரர் வந்தார். ஒடிசலான நெட்டை மனிதர். ஒரு பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, குச்சியை அதில் நிறுத்தி, சிறு வில்லின் நாணைச் சுற்றிக் கடையத் தொடங்கினார். குச்சி கிறீச்சிட்டது. புகை வந்தது. கூட்டம் கைதட்டியது. புகை போனது. கூட்டம் கையை இறக்கியது.

"நம் முன்னோர்களின் பொறுமையைக் கவனியுங்கள்!" என்றார் பேருரை ஒலிவாங்கியில்.

தீக்காரர் மறுபடி கடைந்தார். மறுபடி புகை வந்து, வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது.

"நேத்து மழைத் தூறல்ங்க, பலகை ஈரம்" என்றார் தீக்காரர் மூச்சு வாங்கியபடி. "நிதானமாத்தான் பிடிக்கும்."

பேருரை முன்னோர்களின் பொறுமையை இரண்டாம் தடவை பாராட்டவில்லை. ஒலிவாங்கியைக் கீழே வைத்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தீக்காரரின் பக்கத்தில் போய்க் குனிந்தார், வாழ்த்துச் சொல்லப் போகிறவர் மாதிரி. கொழுந்தன் நின்ற இடத்திலிருந்து மட்டும் அந்தக் கை தெரிந்தது. அதிலிருந்து ஒரு சிவப்பு லைட்டர் தீக்காரரின் கைக்கு மாறியது.

"அண்ணி! லைட்டர்! பேருரை மூவாயிரம் வருஷத்தை ஒரே தாவாத் தாவறாரு!"

அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு சூளையருகே போனார். "நிறுத்துங்க. தீக்காரரே, அந்த லைட்டரை எல்லாருக்கும் காட்டுங்க."

தீக்காரர் காட்டினார். அதைப் பாம்புக் குட்டியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"இதுக்கு முன்னால எப்பவாவது லைட்டர் கொடுத்திருக்காரா?"

"அய்யய்யோ! ஒரு தடவை என் மடியில தீப்பெட்டி இருந்ததுக்கே ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிட்டாருங்க. அது பீடிக்கு வச்சிருந்தது."

"ஊக்குக் குத்தினா நடவடிக்கை எடுக்கறவர், இன்னைக்கு லைட்டரைக் கையில கொடுக்கிறார். காயாத சூளையைக் காய விடாம மூட்டச் சொல்றார். இதுக்குள்ள எரிஞ்சே ஆகணும்னு அவருக்கு என்ன இருக்கு?" அண்ணி திரும்பினார். "அம்மா, பிரிங்க."

பானைக்காரம்மாவுக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. சேற்றைப் பெயர்த்து, வைக்கோலை இழுத்துப் போட்டார். உள்ளே சாம்பல் நிறத்தில் பச்சைப் பானைகள், எல்லாம் வரிசையாகக் கவிழ்ந்து படுத்திருந்தன. அடிவரிசையில் ஒன்று மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"இது நான் அடுக்கினது இல்லை" என்றார் பானைக்காரம்மா. "சூளையில ஒரு பானையைக்கூட நிமிர்த்தி வைக்க மாட்டேன்."

"எல்லாம் குப்புறப் படுத்திருக்கு, இது ஒண்ணு மட்டும் வாயைத் திறந்துக்கிட்டு இருக்கு" என்றான் கொழுந்தன். "யாருகிட்டயோ பழகியிருக்கு."

நிமிர்ந்திருந்ததற்குக் காரணம் எளிது. அதைக் கவிழ்த்தால் உள்ளே இருக்கும் மண் கொட்டும்.

பேருரைக்கு இழந்த குரல் திரும்பி வந்தது. "பார்த்தீர்களா! தம்பி திருடினான், அக்கா ஒளித்தாள்! என் உள்ளுணர்வு சொன்னது. அதனால்தான் சூளையை உடனே மூட்டச் சொல்லி இவர்களைப் பதறவைத்தேன்!"

கூட்டம் முணுமுணுத்தது. அதுவும் பொருந்தித்தான் வந்தது. கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த காவலாளி, "அக்கா?" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கொழுந்தன் பானைக்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தான். இவன் எடுக்கவில்லை. அப்படியானால் அவள்?

"தம்பி, இங்க வா" என்றார் அண்ணி கொழுந்தனிடம். "இதுமேல பூசியிருக்கிற சேத்தைப் பாரு. என்ன தெரியுது?"

பச்சைப் பானை மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக யாரோ பானை முழுக்கக் குழைத்த களிமண்ணை அப்பித் தேய்த்திருந்தார்கள். காய்ந்த பூச்சில் விரல் ஓடிய தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் ஒரு விரலுக்கு மட்டும் கூடவே ஒரு பள்ளம் ஓடியது. ஓரிடத்தில் கை அழுந்தி நின்றதில் சதுரக் கல் ஒன்றின் அச்சு, முத்திரை குத்தினாற்போலப் பதிந்திருந்தது.

"மோதிரம் அண்ணி."

"இந்த முற்றத்துல மோதிரம் போட்டவங்க யாரு?"

அத்தனை பேரும் ஒரே கையைப் பார்த்தார்கள். ஏதோ ஒரு விழாவில் பாராட்டிப் போட்ட மோதிரம், சதுரமான பச்சைக் கல். விதியை எழுதியவருக்கு விதி பொருந்தாது என்பதால் அது மட்டும் தினமும் கயிற்றைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. கல்லின் விளிம்பில் இப்போதும் கோடாகக் களிமண்.

"என் பானையை நானே எதற்கம்மா திருடப் போகிறேன்?" என்றார் பேருரை. கேள்வி நியாயமானது. கூட்டம் பேருரையை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தது.

"ஏன்னா அது உங்க பானை இல்லை" என்றார் பானைக்காரம்மா. "என் பானை."

ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துப் பானையின் தோளில் ஊற்றினார். சேறு வழிந்தது. பச்சைப் பானையானால் அதுவும் சேர்ந்து கரைந்திருக்கும்; இது சுட்டுச் சிவந்த பானை, குளித்து எழுந்தாற்போல நின்றது. ஐந்து கீறல்களும், சாய்ந்த கோடும் பளிச்சென்று தெரிந்தன.

"இந்த வளாகம் தொடங்கின வருஷம் ஒரு பரிசோதனை பண்ணினோம். புதுசா பானை செஞ்சு, சுட்டு, மண்ணுக்குள்ள புதைச்சு வச்சா வருஷக்கணக்குல என்ன ஆகுதுன்னு பார்க்கறதுக்கு. பார்க்கறதுக்குத் திரும்பத் தோண்டணும் இல்லையா, அதைத்தான் எல்லாரும் மறந்துட்டோம். நேத்து சாயங்காலம் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கக் கூப்பிட்டாங்க. அப்பத்தான் பக்கத்துல பார்த்தேன். அது எழுத்தும் இல்லை, அரசரும் இல்லை. பானையை எண்ணறப்ப நான் போடற கோடு. நாலு கோடு போட்டு, அஞ்சாவதைச் சாய்ச்சுப் போடுவேன். அன்னைக்குப் பேச்சுக் கொடுத்துட்டாங்க, ஒரு கோடு கூடுதலா விழுந்துடுச்சு."

"வீழ்ந்த அரசன்" என்றான் கொழுந்தன்.

"ஐயாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். பேட்டி கொடுத்தாச்சு, வாயை மூடுன்னாரு. காலையில பானையைக் காணோம், தம்பி மேல பழி. நான் போய்க் கேட்டேன். நீ வாயைத் திறந்தா அவன் உள்ளே, மூடினா மன்னிச்சு விட்டுடறேன்னாரு. தம்பி புள்ளைங்க ரெண்டும்..." காவலாளி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அக்காவின் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது அண்ணிக்கு அந்தப் பெருமூச்சு புரிந்தது. கிடைத்த பானைக்கு ஆய்வுக்கூடம் வயது சொல்லிவிடும். களவு போன பானைக்கு யாரும் சொல்ல முடியாது. அது என்றைக்கும் மூவாயிரம் வயதிலேயே இருக்கும். துப்பறிய ஆளையும் கூப்பிட்டுவிட்டால் களவு சந்தேகமில்லாமல் களவாகிவிடும். ஈரமண் நிறைந்த பானை சூளைக்குள் சுக்குநூறாக வெடித்திருக்கும். அதற்கு அமைச்சரும் கைதட்டியிருப்பார்.

"கட்டுக்கதை!" என்றார் பேருரை. "ஒரு பானைக்காரியின் சொல்லுக்காக ஒரு நாகரிகத்தை..."

"சொல் வேண்டாங்க" என்றார் பானைக்காரம்மா. "புதைக்கிற எதுக்குள்ளயும் இந்தக் காலத்துச் சாமான் ஒண்ணைப் போட்டுத்தான் புதைக்கணும். பின்னால வர்றவங்க ஏமாந்துடக் கூடாதுன்னு. இது எங்க வேலையில முதல் பாடம். நான் போட்டேன். என்ன போட்டேன்னுதான் ஞாபகம் இல்லை."

அண்ணி பானையைக் கவிழ்த்தார். படையல் தரையில் கொட்டியது. கட்டிகளுக்கு நடுவிலிருந்து வட்டமாக ஏதோ உருண்டு வந்து, பேருரையின் காலணியில் முட்டி நின்றது. கொழுந்தன் குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்தான். வளாகத் திறப்பு விழாவன்று எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த, சட்டையில் குத்திக்கொள்ளும் பிளாஸ்டிக் வில்லை. அதில் பேருரை சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல படம்ங்க" என்றான் கொழுந்தன். "மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால உங்களுக்கு நிறைய முடி இருந்திருக்கு."

பேருரை தொண்டையைச் செருமினார். இதுவும் ஒரு பரிசோதனைதான் என்று தொடங்கினார். பொதுமக்களின் விழிப்புணர்வை அளப்பதற்காக, என்று தொடர்ந்தார். யாரும் நின்று கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.

"போலீசை நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கறதாச் சொன்னீங்களே?" என்றார் அண்ணி. "நல்லதாப் போச்சு. வரட்டும்."

பேருரையின் சட்டைப் பையிலிருந்தே காவலாளியின் கொத்தும் அந்த இரண்டாவது சாவியும் வந்தன. வீட்டு அலமாரி பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. அண்ணி கொத்தைக் காவலாளியிடம் கொடுத்தார். அவர் அதைக் கொக்கியில் மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொண்டார். துடைத்ததில் அக்காவின் சேறு கன்னத்தில் ஒட்டியது.

அமைச்சரின் கார் வந்து நின்றபோது ஒலிபெருக்கி, யாரும் நிறுத்தாததால், வரலாறு திருத்தி எழுதப்படும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கழிவறைக்குப் பள்ளம் தோண்டும் வேலை மீண்டும் தொடங்கியது.